கயிறும் கோலும்: அறியாமை பற்றிய ஒரு கிரேக்க விசாரணை

தமிழ்நாட்டில் சாக்ரடீஸை ஏட்டின் வழியாக அறிந்தவர்களைவிட, 1956-இல் வெளிவந்த 'ராஜா ராணி' திரைப்படத்தில் சிவாஜி கணேசன் நடித்துக் காட்டிய ஓரங்க நாடகத்தின் வழியாக அறிந்தவர்களே அதிகம் என்று எண்ணுகிறேன். கருணாநிதியின் வசனத்தைப் பேசி, நஞ்சுக் கோப்பையைக் கையிலேந்தி, வாலிபர்களுக்கு உபதேசம் செய்துகொண்டே உயிர் துறக்கும் அந்தக் கிழவர் நம் ஞாபகத்தில் ஒரு வீரராகவும் பிரசங்கியாகவும் நிலைபெற்றுவிட்டார். நாடகத்துக்கு அது முழுதும் பொருந்தும். பிளேட்டோவின் நூல்களுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. அந்நூல்களில், குறிப்பாக அவற்றுள் முற்பட்டவை என்று கருதப்படுவனவற்றில், நாம் சந்திக்கும் சாக்ரடீஸ் கேள்வி கேட்டு, கிடைத்த பதிலிலிருந்தே மறுகேள்வியை உருவி, பதில் சொன்னவர் தம் வாயாலேயே தம்மை மறுத்துக்கொள்ளும்படி செய்து, கடைசியில் இருவரும் விடை காணாமலே எழுந்து போக விட்டுவிடுகிறார். தமக்கு ஒன்றுமே தெரியாது என்பது ஒன்றுதான் தமக்குத் தெரியும் என்று அவர் கூறியதாக உலகெங்கும் வழங்கும் வாக்கியமும் அந்த உருவத்தில் பிளேட்டோவில் கிடையாது. அவர் அங்கே சொல்லிக்கொள்வது, தமக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்ததாகத் தாம் எண்ணிக்கொள்வதில்லை என்ற அளவில் நிற்பது. முன்னதைச் சபையில் எவரும் பணிவின் அலங்காரமாகச் சொல்லிவிடலாம். பின்னதைச் சொல்கிறவனோ, ஒவ்வொரு விஷயத்திலும் தன் அறிவு எதுவரை செல்கிறது, எங்கே நின்றுவிடுகிறது என்று எல்லை குறித்தாக வேண்டும். இந்த எல்லை குறிக்கும் வேலையைக் கிரேக்கச் சிந்தனையாளரில் ஒரு சாரார் ஏறக்குறைய அறுநூறு ஆண்டுகள் விடாது செய்தனர். அதை ஒரு சற்குணமாகப் போற்றுவதைவிட, பயின்று தேற வேண்டிய ஒரு வினைத்திறனாகக் கொள்வதே அவர்களுக்கு நாம் செய்யும் நியாயம் என்பது என் கட்சி.

கி.மு. 399-இல், மெலீட்டஸ், அனிட்டஸ், லைக்கன் என்னும் மூவர் தொடுத்த வழக்கில், எழுபது வயதான சாக்ரடீஸ் சுமார் ஐந்நூறு நடுவர்களின் முன் நின்று சொன்னதாகப் பிளேட்டோ எழுதிவைத்த வரலாறு இது. கைரிஃபோன் என்ற நண்பர் டெல்ஃபி ஆலயத்துக்குச் சென்று, சாக்ரடீஸைவிட ஞானி எவரேனும் உண்டோ என்று கேட்க, ஒருவருமில்லை என்று அருள்வாக்குக் கிடைத்தது. வழக்கு நடந்தபோது கைரிஃபோன் உயிருடன் இல்லாமையால், அவருடைய சகோதரரைச் சாட்சியாகக் காட்டுகிறார். தெய்வவாக்கைக் கேட்ட மாத்திரத்தில் பூரித்துப்போகாமல், தம்மைவிட அறிவுள்ள ஒருவனைத் தேடிப் பிடித்து அவ்வாக்கை மறுத்துவிட அவர் புறப்பட்டார் என்பதுதான் இக்கதையின் விசித்திரம். முதலில் ஓர் அரசியல்வாதியிடம் சென்றார். அவரோ பலருக்கும், எல்லோரிலும் மேலாகத் தமக்கே, ஞானியாகத் தோன்றினாரேயன்றி ஞானியாக இல்லை. பின்னர்க் கவிகளிடம் சென்றார். அவர்களுடைய பாட்டுக்கு அவர்களைக் காட்டிலும் அருகில் நின்ற எவரும் தெளிவாகப் பொருள் சொல்லக்கூடியவர்களாக இருந்தார்கள். இவ்விரண்டு பகுதிகளையும் வாசகர்கள் ரசித்துப் படிப்பார்கள். அரசியல்வாதியும் கவிராயரும் மூக்கறுபடுவதில் எந்தக் காலத்திலும் ஜனங்களுக்கு ஓர் இன்பம் உண்டு.

ஆனால் விஷயத்தின் சாரம் இருப்பது மூன்றாவது பகுதியில். கடைசியாக அவர் கைவினைஞர்களிடம் சென்றார். இவர்கள் வெறும் ஆடம்பரக்காரர்கள் அல்லர். தாம் அறியாத பல அரிய காரியங்களை இவர்கள் மெய்யாகவே அறிந்திருந்தார்கள் என்று சாக்ரடீஸ் தயங்காமல் ஒப்புக்கொள்கிறார். குற்றம் அதற்கு அப்பால் நேர்ந்தது: தன் தொழிலைச் செவ்வையாகச் செய்யத் தெரிந்த ஒரே காரணத்தால், நகரத்தின் மிகப் பெரிய விவகாரங்களிலும் தான் வல்லவன் என்று ஒவ்வொருவனும் நினைத்துக்கொண்டான், அந்த நினைப்பு அவனுக்கிருந்த மெய்யறிவையும் மறைத்துவிட்டது. அரசியல்வாதியின் அறியாமைக்கு வேரில்லை. சிறிது கிளறினால் பெயர்ந்து வந்துவிடும். கைவினைஞனின் அறியாமை அவனுடைய மெய்யறிவின் மேலேயே வேர்விட்டு நிற்பதால் அதைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு. இக்காலத்துக்கு அதிகம் வேண்டியது இந்த மூன்றாவது பகுதியே என்பதற்கு லைனஸ் பாலிங்கின் சரித்திரத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தோன்றவில்லை. ரசாயனப் பிணைப்பின் இயல்பை விளக்கியதற்காக 1954-இல் நோபல் பரிசும், அணுகுண்டுப் பரிசோதனைகளை எதிர்த்ததற்காக 1962-ஆம் ஆண்டுக்குரிய சமாதானப் பரிசும் பெற்ற அம்மேதை, 1970-இல் வைட்டமின் சி ஜலதோஷத்தைத் தடுக்கும் என்று நூலெழுதி, பின்னர் அது புற்றுநோயாளிகளுக்கும் உதவும் என்று வாதாடினார். அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தார் நடத்திய சோதனைகளின் முடிவுகள் 1979-இலும் 1985-இலும் வெளியாகி, முற்றிய புற்றுநோயில் அதனால் பயன் காணப்படவில்லை என்று காட்டியபோதும், 1994-இல் மறையும்வரை அவர் தம் கருத்திலிருந்து இறங்கவில்லை. பாலிங்கை அறிவிலி என்று சொல்பவன்தான் அறிவிலி. அவருடைய ரசாயனம் அத்தனை உறுதியாக இருந்தமையால்தான், அந்த உறுதி தனக்கு உரிமையில்லாத நிலத்திலும் வேலி போட்டுக்கொள்ள முடிந்தது.

சாக்ரடீஸின் 'தெரியாது' எல்லையுடையது என்றேன். அந்த எல்லைக்கு இப்பால் அவர் உறுதியாகத் தெரியும் என்று சொன்னவையும் உண்டு. மரணத்துக்குப் பின் என்ன நேர்கிறது என்பது தமக்குத் தெரியாது. ஆகவே அதை அஞ்சுவது, அறியாததை அறிந்ததாகப் பாவிப்பதே என்று வாதிக்கும் அதே மூச்சில், அநீதி செய்வது தீது என்பது தமக்குத் தெரியும் என்கிறார். இந்தத் தெளிவு பேச்சளவில் நிற்கவில்லை. கி.மு. 406-இல், ஆர்கினூஸே கடற்போரில் வென்றும், கடலில் தத்தளித்தவர்களை மீட்கத் தவறிய தளபதிகளைச் சட்டத்துக்கு மாறாக ஒரே கூட்டமாக விசாரித்துக் கொல்ல மக்கள் சபை கொதித்தெழுந்தபோது, அன்று சபைப் பொறுப்பில் இருந்தவர்களுள் அதை எதிர்த்தவர் அவர் ஒருவரே. பின்பு முப்பதின்மர் கொடுங்கோலாட்சியில், சலாமிஸைச் சேர்ந்த லியோன் என்பவரைக் கொலைக்குப் பிடித்து வருமாறு ஐவருக்கு ஆணை பிறந்தது. நால்வர் போனார்கள், சாக்ரடீஸ் வீட்டுக்குப் போனார். அறியாமையை ஒப்புக்கொள்வோர் கோழைகளாகவும் முடிவெடுக்கத் தெரியாதவர்களாகவும் ஆகிவிடுவர் என்ற ஆட்சேபம் ஒன்று உண்டு. இவ்விரண்டு சம்பவங்களையும் அறிந்தவர்கள் அதைச் சொல்லத் தயங்குவார்கள்.

ஒப்புக்கொள்வதால் விளையும் லாபம் யாது என்பதை நேரே பார்க்க விரும்புவோர் 'மேனோ' என்னும் சம்வாதத்தைப் படிக்க வேண்டும். மேனோ என்ற செல்வ வாலிபன், சாக்ரடீஸுடன் பேசுவது தொட்டவரை மரத்துப்போகச் செய்யும் ஒரு கடல் மீனைத் தொடுவது போலிருக்கிறது என்று சலித்துக்கொள்கிறான். சாக்ரடீஸ் அவனுடைய அடிமைச் சிறுவன் ஒருவனை அழைத்து, தரையில் இரண்டடிப் பக்கமுள்ள ஒரு சதுரத்தை வரைகிறார். அதன் பரப்பு நான்கு சதுர அடி. பரப்பை இருமடங்காக, எட்டாக, ஆக்கப் பக்கம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பது கேள்வி. பக்கத்தையும் இருமடங்காக்கி நான்கடி என்று பையன் பளிச்சென்று சொல்கிறான். வரைந்து பார்த்தால் பரப்பு பதினாறு. அப்படியானால் மூன்றடி என்கிறான், அது ஒன்பது. மூன்றாம் முறை கேட்டதும், சத்தியமாகத் தனக்குத் தெரியவில்லை என்று நின்றுவிடுகிறான். இந்த இடத்தில் சாக்ரடீஸ் சிறுவனை விட்டு எஜமானன் பக்கம் திரும்பி, இவனை மரக்கச் செய்ததனால் இவனுக்கு ஏதேனும் நஷ்டம் உண்டாயிற்றா என்று வினவுகிறார். சிறிது நேரத்துக்கு முன்புவரை தவறான விடையைப் பலர் முன்னிலையில் தைரியமாகச் சொல்லியிருக்கக்கூடியவன், இப்போது தேடத் தயாராக இருக்கிறான். முன்பு தேட வேண்டும் என்ற எண்ணமே அவனுக்கு எழ வாய்ப்பில்லை. பிறகு மூலைக்கு மூலை கோடு இழுத்து, அந்தக் கோட்டையே பக்கமாகக் கொண்ட சதுரத்தின் பரப்பு எட்டுச் சதுர அடி என்பதைச் சிறுவன் கண்டுகொள்கிறான். இதே சம்வாதத்தின் பிற்பகுதியில் அனிட்டஸ் வந்து சேர்ந்து, ஊராரைக் குறைகூறுவதில் எச்சரிக்கையாக இருக்கும்படி சாக்ரடீஸை மிரட்டிவிட்டுப் போகிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். அடிமைப் பையன் பலர் முன்னிலையில் சொல்லிவிட்ட ஒரு சொல்லை நகரத்துப் பிரமுகரால் சொல்ல முடியவில்லை. வழக்குத் தொடுப்பது அவருக்கு எளிதாயிருந்தது.

சாக்ரடீஸுக்குப் பின், பிளேட்டோ நிறுவிய அகாடமி என்னும் கலாசாலையிலேயே இந்த விசாரணை வேறோர் உருவம் எடுத்தது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அதற்குத் தலைமை தாங்கிய அர்க்கெசிலாஸ், ஒன்றும் அறிய முடியாது என்பதையும் உறுதியாக அறிந்ததாகச் சொல்லக்கூடாது என்று சாக்ரடீஸுக்கும் ஒருபடி மேலே சென்றார். அவருக்கு எதிரிகளாக வாய்த்தவர்கள் ஸ்டோயிக் சித்தாந்திகள். அவர்களுடைய ஆசானாகிய ஸீனோ, விரித்த உள்ளங்கையைக் காட்டி இதுதான் தோற்றம் என்பாராம். விரல்களைச் சற்றே மடக்கி இது உடன்பாடு என்பார். கையை முஷ்டியாக்கி இது கிரகிப்பு என்பார். இடது கையால் அந்த முஷ்டியை இறுகப் பற்றி, இதுவே அறிவு, இது ஞானி ஒருவனுக்கே உரியது என்று முடிப்பார். இந்த அபிநயத்தைச் சிசரோ பதிவு செய்திருக்கிறார். ஞானி ஒருபோதும் பொய்த் தோற்றத்துக்கு உடன்படமாட்டான் என்பது அவர்கள் துணிபு. அலெக்ஸாந்திரியாவில் டாலமி மன்னர், ஸ்ஃபேரஸ் என்ற ஸ்டோயிக்கின் முன் மெழுகால் செய்த மாதுளம்பழங்களை வைக்க, அவர் ஏமாந்துபோக, பொய்த் தோற்றத்துக்கு உடன்பட்டீரே என்று மன்னர் ஆரவாரித்தார். ஸ்ஃபேரஸ் அசரவில்லை: இவை மாதுளைகள் என்று தாம் உடன்படவில்லை, மாதுளைகளாக இருப்பது நியாயம் என்பதற்கே உடன்பட்டதாகச் சொல்லித் தப்பித்தார். சாமர்த்தியமான பதில்தான், ஆனால் அந்தப் பதிலிலேயே ஸ்டோயிக் கோட்டையின் பாதி, எதிர்க்கட்சியான அகாடமிக்குக் கைமாறிவிட்டது என்று எனக்குப் படுகிறது.

அகாடமிக்கு வெளியே, அலெக்ஸாந்தருடன் இந்தியாவரை வந்து இங்கிருந்த திகம்பர ஞானிகளைக் கண்டதாகச் சொல்லப்படும் பிர்ரோவைப் பற்றி வேடிக்கையான கதைகள் பல உண்டு. எதையும் நம்பாமையால் வண்டிக்கும் நாய்க்கும் பள்ளத்துக்கும் ஒதுங்காமல் நடப்பாராம். நண்பர்கள் பின்தொடர்ந்து காப்பாற்றுவார்களாம். அவர் மரபில் வந்த ஈனெசிடெமஸ் இதை மறுத்து, பிர்ரோ தத்துவத்தில்தான் முடிவை நிறுத்திவைத்தார், தினசரி நடையில் கவனமாகவே இருந்தார் என்கிறார். அவர் ஏறக்குறையத் தொண்ணூறு வயது வாழ்ந்த செய்தியும் இதற்கு அனுகூலம். கதை பொய்யாயினும் அதனுள் இருக்கும் கேள்வி பொய்யன்று. நிச்சயமாக ஒன்றும் தெரியாதென்றால் காலை எழுந்து எந்தப் பக்கம் நடப்பது?

இந்தக் கேள்விக்குப் பழங்காலத்தில் கிடைத்த சிறந்த பதில், கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் அகாடமியின் தலைவராயிருந்த கார்னியாடிஸுடையது. சாக்ரடீஸைப் போலவே அவரும் ஒன்றும் எழுதிவைக்கவில்லை. நானூறுக்கு மேற்பட்ட ஏடுகளை எழுதிக் குவித்த அவருடைய சீடர் கிளிட்டோமாக்கஸ், தம் ஆசான் எதைத்தான் ஒப்புக்கொண்டார் என்பதைத் தம்மால் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொன்னாராம். நல்லவேளையாக, பின்னால் வந்த ஸெக்ஸ்டஸ் எம்பிரிக்கஸ் என்ற வைத்தியர் கார்னியாடிஸின் முறையை விரித்துரைத்திருக்கிறார். அதில் வரும் ஓர் உதாரணம் நம்மவர்களைத் திடுக்கிட வைக்கும். இருண்ட அறையில் நுழையும் ஒருவன், சுருண்டு கிடக்கும் கயிற்றைப் பாம்பென்று எண்ணித் தாண்டிக் குதிக்கிறான். பிறகு திரும்பி வந்து பார்க்கிறான், அது அசையவில்லை. பாம்பாக இராது என்று மனம் சாய்கிறது. ஆனால் பனிக்காலத்துக் குளிரில் பாம்பும் விறைத்துக் கிடப்பதுண்டே என்ற நினைவு வருகிறது. ஒரு கோலை எடுத்துக் குத்திப் பார்க்கிறான்; அப்போதும் அசையாமற் போகவே, பாம்பென்று தோன்றியது பொய் என்பதற்கு உடன்படுகிறான்.

கயிற்றரவு என்பது வேதாந்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்குப் பழகிய உவமை. கௌடபாதரின் மாண்டூக்ய காரிகையில் அது வருகிறது. அங்கே கயிற்றைக் கயிறென்று கண்ட கணமே பாம்பு முழுவதும் ஒழிகிறது, மீதி எதுவும் இல்லை. கார்னியாடிஸின் அறைக்குள் அத்தகைய விளக்கு ஒருபோதும் வருவதில்லை. இருட்டு இருட்டாகவே இருக்கிறது. மனிதனுக்குக் கிடைத்திருப்பதெல்லாம் ஒரு கோலும், அதைக் கொண்டு எத்தனை தரம் குத்திப் பார்ப்பது என்ற விவேகமும்தான். உவமை ஒன்றாயிருந்தும் நோக்கம் இப்படி வேறுபடுவது, இரண்டு தத்துவ மரபுகளின் குணபேதத்தை நீண்ட வியாக்கியானங்களைவிட நன்றாகக் காட்டுகிறது.

கோலின் உபயோகத்துக்குக் கார்னியாடிஸ் படிகள் வகுத்தார். நம்பத்தக்கதாகத் தோன்றுவது முதற்படி. கூட வரும் தோற்றங்களில் எதுவும் அதற்கு முரணாக இல்லாதது அடுத்தது. அத்தோற்றங்களை ஒவ்வொன்றாகப் பரீட்சித்துத் தேறியது மேற்படி. எந்தப் படியோடு நின்றுகொள்ளலாம் என்பதை விஷயத்தின் கனமும் கையிலுள்ள அவகாசமும் தீர்மானிக்கும். அற்பமான வழக்கில் ஒரு சாட்சியை விசாரிப்பதோடு நிறுத்துகிறோம். கனமான வழக்கில் பலரை விசாரிக்கிறோம். மிக முக்கியமானதில் ஒருவர் சொன்னதை மற்றவர் சொன்னதோடு ஒட்டிப் பார்க்கிறோம். பகைவர் துரத்தும்போது பதுங்கு குழியில் எதிரி இருப்பதாகத் தோன்றினால், இறங்கிப் பரிசோதிக்க நேரமில்லை. விலகி ஓடுவதே அறிவு. 'தெரியாது' என்பதோடு வாய்மூடிவிடாமல், 'இவ்வளவு தெரியும், இவ்வளவு சோதித்தாயிற்று, இக்காரியத்துக்கு இது போதும்' என்று அளவிட்டுச் சொல்லும் இம்முறையை, மழைக்கு நூற்றுக்கு இத்தனை பங்கு வாய்ப்பு என்று அறிவிக்கும் இன்றைய வானிலை நிபுணர் தம்மையறியாமலே அனுசரிக்கிறார்.

ஸெக்ஸ்டஸ் வைத்தியர் என்பது தற்செயலன்று. நோயின் மறைந்த காரணங்களை யுக்தியால் கண்டுவிட்டதாகச் சொன்ன வைத்தியர்களுக்கும், கண்ட அனுபவத்தையும் முன்னோர் பதிவையும் தவிர எதையும் நம்பமாட்டோம் என்றவர்களுக்கும் அக்காலத்தில் நீண்ட சர்ச்சை நடந்தது. அந்தச் சர்ச்சை முடிந்துவிட்டதென்று நினைப்பவர்களுக்கு, 1980-களின் இறுதியில் அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனையைச் சொல்ல வேண்டும். மாரடைப்பிலிருந்து பிழைத்தவர்களுக்கு இதயத் துடிப்பிடையே தாறுமாறான துடிப்புகள் தோன்றினால், பிற்பாடு திடீர் மரணம் நேரும் அபாயம் அதிகம் என்பது தெரிந்திருந்தது. அத்துடிப்புகளை அடக்கும் மருந்துகளும் இருந்தன. ஆகவே அவற்றை அடக்கினால் உயிர் காக்கப்படும் என்ற அனுமானத்தின்மேல் மருந்து தாராளமாக வழங்கப்பட்டு வந்தது. யுக்தி அப்பழுக்கற்றது, கோலால் மட்டும் எவரும் குத்திப் பார்த்திருக்கவில்லை. என்கெய்னைட், ஃப்ளெகெய்னைட் என்னும் இரண்டு மருந்துகளால் துடிப்பு அடங்குகிறது என்று முன்கூட்டியே சோதித்துத் தேர்ந்த நோயாளிகளில், 755 பேருக்கு மருந்தும் 743 பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையும் கொடுக்கப்பட்டன. சராசரியாகப் பத்து மாதங்களில் வெறும் மாத்திரை உண்டவர்களில் 26 பேர் இறந்தனர். மருந்துண்டவர்களில் இறந்தவர்கள் 63 பேர். முதல் அறிக்கை 1989-இல் வந்தது. அம்மருந்துகளின் சோதனை அத்துடன் நிறுத்தப்பட்டது. ஏட்டில் வரையப்பட்ட துடிப்புக் கோடு சீராகிக்கொண்டிருந்தபோதே மனிதர்கள் மாண்டுகொண்டிருந்தார்கள். அந்த வைத்தியர்கள் கைவினைஞர்களைப் போலத் தம் தொழிலை அறிந்தவர்கள்தாம். துடிப்பை அடக்கத் தெரியும் என்ற மெய்யறிவு, உயிரைக் காக்கத் தெரியும் என்ற எண்ணத்துக்கு எப்போது இடம்கொடுத்தது என்பது அவர்களுக்கே புலப்படவில்லை. சிலருக்குக் கொடுத்துச் சிலருக்குக் கொடாமல் எண்ணிப் பார்க்கும் இம்முறையில் முதலில் கேட்கப்படுவது, எது நல்லதென்று எங்களுக்குத் தெரியவில்லை என்ற ஒப்புதல். அது இல்லாதவன் அப்படிப் பங்கிட்டுக் கொடுப்பதே பாவமாகிவிடும்.

இவ்வளவும் சொன்ன பிறகு எதிர்ப்பக்கத்து ஆபத்தையும் சொல்லாமல் விடலாகாது. அறியாமையை ஒப்புக்கொள்வது ஒரு கௌரவமாகிவிட்ட உலகத்தில், அதைப் போலியாகச் செய்து விற்பவர்களும் தோன்றுவார்கள். லண்டனில் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபர்ட் ஹில்லும் புகைபிடிப்பதற்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1950-இல் வெளியிட்டார்கள். அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை 1964-இல் வெளிவந்தது. இவ்விரண்டுக்கும் இடையிலும் அதற்குப் பின்னும், இன்னும் நிரூபணமாகவில்லை, மேலும் ஆராய்ச்சி தேவை என்ற பல்லவியை அமெரிக்கப் புகையிலை வியாபாரிகள் ஓயாமல் பாடினார்கள். 1969-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு கம்பெனியின் உட்குறிப்பு, தாங்கள் தயாரிக்கும் சரக்கே சந்தேகம்தான் என்று ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது. மேலோட்டமாகக் கேட்பவனுக்கு அந்தப் பல்லவி அர்க்கெசிலாஸின் குரலாகவே ஒலிக்கும்.

இரண்டையும் பிரித்தறியக் கார்னியாடிஸின் வாழ்க்கையிலேயே ஓர் அளவுகோல் கிடைக்கிறது. கி.மு. 155-இல், ஒரோப்பஸ் என்ற ஊரைச் சூறையாடியதற்காக ஏதென்ஸின் மீது விதிக்கப்பட்ட ஐந்நூறு டாலண்ட் அபராதத்தைக் குறைக்கும்படி மன்றாட, அவரும் வேறு இரு தத்துவாசிரியர்களும் ரோமாபுரிக்குத் தூது சென்றார்கள். அங்கே அவர் ஒரு நாள் நீதிக்குச் சார்பாகவும் மறுநாள் அதே வன்மையோடு நீதிக்கு எதிராகவும் பேசி வாலிபர்களை மயக்க, கிழவர் கேட்டோ பதறிப்போய், இவர்களுடைய காரியத்தை விரைந்து முடித்து ஊருக்கு அனுப்பும்படி செனட் சபையை நெருக்கினார். கேட்டோவின் கவலை எனக்குப் புரிகிறது. ஆயினும், இருபுறமும் பேசியவர் தம் கட்சிக்கு எதிரான வாதத்தையும் ஜனங்களின் முன் பகிரங்கமாக வைத்தார் என்பதை மறுக்க முடியாது. புகையிலைக்காரர்கள் ஒருபுறம் மாத்திரமே பேசினார்கள். மறுபுறத்துக்கான ஆதாரங்கள், அவர்களுடைய சொந்த ஆராய்ச்சியாளர்களே எழுதியவை உட்பட, பெட்டிகளில் பூட்டியிருந்தன. மின்னசோட்டா மாநிலம் தொடுத்து 1998-இல் முடிவுற்ற வழக்கும் அதே ஆண்டில் பல மாநிலங்களுடன் ஏற்பட்ட உடன்படிக்கையும் அந்தப் பெட்டிகளைத் திறக்க வைத்தன. கோடிக்கணக்கான பக்கங்கள் இன்று யாரும் படிக்கும்படி கிடக்கின்றன. தெரியாது என்று வெளியில் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் உள்ளே எதையெதை, எந்த ஆண்டில் தெரிந்து வைத்திருந்தார்கள் என்பது தேதியோடு அவற்றில் இருக்கிறது.